கண்காணியும் கங்காணியும்

ஒரு சொல்லின் பொருள் அகராதியில் மட்டும் அமைவதன்று. அதனை வழங்கிய மக்களின் வாழ்விலும் அமைவது. இவ்வுண்மைக்கு இலங்கை மலைநாட்டில் வழங்கும் 'கங்காணி' என்னும் சொல் தக்க சான்றாகும்.

இதன் மூலம் 'கண்காணி' என்பதாம். ணகர மெய், பின்வரும் ககரத்திற்கு இனமான ஙகரமாகப் பேச்சில் திரிந்தது. சோழர் காலக் கல்வெட்டுக்களில் அறக்கட்டளைகளை மேற்பார்ப்போர் 'மாகேசுவரக் கண்காணி செய்வார்' எனப்படுகின்றனர். திருமூலரோ எங்கும் கலந்து நின்று காணும் இறைவனையே கண்காணி என்றார். மேற்பார்த்தலே இச்சொல்லின் பழம்பொருள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்கள் பெருகியபோது இச்சொல் புதுப் பொருள் பெற்றது. தோட்டத்தார் தந்த முன்பணத்துடன் தமிழகத்துக் கிராமங்களுக்குச் சென்று, உற்றார் உறவினரையும் ஊராரையும் திரட்டி வந்தவரே கங்காணி. வழிச்செலவு முழுதும் தொழிலாளர் பேரில் கடனாய் ஏறிற்று. 1869இல் தோன்றிய இலைநோயால் கோப்பி அழிந்து, நுவரெலியா, ஹற்றன் பகுதிகளில் தேயிலை பரவிய பின்னரும் இம்முறை நீடித்தது. மலாயாவிலும் இச்சொல்லே வழங்கிற்று. பர்மாவில் இத்தகையவர் 'மேஸ்திரி' எனப்பட்டார்.

தோட்டத்தில் அதிகாரம் உடையோர் பலராயினும், அவர்தம் பெயர்கள் ஒருபொருட் சொற்கள் அல்ல. 'துரை' என்பார் தோட்டத்தை நிருவகிப்பவர். அவரது ஆணை உடைமையாளரிடமிருந்து வந்தது. 'கணக்கப்பிள்ளை' சம்பளம் பெறும் உத்தியோகத்தர். பெயர் கணக்கைக் குறிப்பினும், மலையில் வேலையை மேற்பார்த்தவர் அவரே. 'பெரிய கங்காணி'யின் வலிமையோ ஆட்களிலும் அவர்தம் கடனிலும் இருந்தது. வேலைக்கு வந்தோரின் தொகைக்கேற்ப அவருக்குத் தலைக்காசும் கிடைத்தது. அவருக்குக் கீழ்ச் சிறு குழுவை நடத்தியவர் 'சில்லறைக் கங்காணி'. ஆகவே, கண்காணித்தவர் பெயரில் கணக்கு நின்றது. கடன்கணக்கு வைத்தவர் பெயரில் கண்காணிப்பு நின்றது!

இவ்வேறுபாட்டை விளக்குவது 'துண்டு' என்னும் மற்றொரு சொல். குறித்த கடனைச் செலுத்தினால் இவ்வாட்களை விடுவிப்போம் எனத் துரை எழுதித் தரும் சீட்டே துண்டு. அக்கடனை ஏற்கும் வேறு தோட்டத்திற்குக் கங்காணி தம் ஆட்களுடன் பெயர்ந்தார். கடன் மட்டும் தொழிலாளரை விட்டுப் பெயரவில்லை. ஒரு துண்டுக் காகிதம் பல குடும்பங்களின் இருப்பிடத்தைத் தீர்மானித்தது.

1921ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. 1927இல் குறைந்தபட்ச வேதனத்திற்குச் சட்டம் பிறந்தது. 1931இல் கோ. நடேசையர் ஹற்றனைத் தளமாகக் கொண்டு தொழிலாளர் சம்மேளனம் அமைத்தார். 1939இல் தொழிலாளர் இலங்கைக்குப் புறப்படுவதை இந்திய அரசு தடைசெய்தது. ஆள் திரட்டலும் கடன் பிடியும் நீங்கவே, பெரிய கங்காணியின் செல்வாக்குச் சரிந்தது. இன்று தோட்டங்களில் கங்காணி என்பார் கொழுந்து பறிக்கும் குழுவை மேற்பார்ப்பவரே. சொல் தன் பழம்பொருளுக்கு மீண்டுள்ளது.

எனினும் இடைக்காலப் பொருளை மறத்தல் தகாது. கங்காணியை வெறும் 'மேற்பார்வையாளர்' என மொழிபெயர்ப்போர், அச்சொல்லினுள் அடங்கிய தலைமுறைகளின் கடன்சுமையை வரலாற்றினின்றும் நீக்கிவிடுகின்றனர். மலையக வரலாறு கற்போர் முதற்கண் அம்மக்களின் சொற்களைக் கற்றல் வேண்டும்.