படகுத்துறை முதல் விரைவுச்சாலை வரை: புரூக்ளின் ஹைட்ஸில் அமைதி உருவான வரலாறு

முன்னுரை

நியூயார்க்கின் ஈஸ்ட் ஆற்றங்கரையில், மன்ஹாட்டனின் தென்முனைக்கு எதிரே எழும் மேட்டில் அமைந்திருக்கிறது புரூக்ளின் ஹைட்ஸ். மர நிழல் படர்ந்த குறுகிய தெருக்கள், மூன்று நான்கு தளச் செங்கல் வீடுகள், வாசலுக்கு ஏறிச் செல்லும் கற்படிகள் என்று பழமை குலையாமல் நிற்கும் பகுதி இது. இன்று இங்கே வீடு வாங்குவது பெருஞ்செல்வர்களுக்கே இயலும். இத்தகைய பகுதிகளின் அமைதியைப் பழமையோடு கூடவே வந்த பிறவிக் குணமாகக் கருதுவது வழக்கம். இந்த மேட்டின் இருநூறு ஆண்டு வரலாறு அதற்கு இடம் தரவில்லை. இங்கே அமைதி முதலில் விற்பனைப் பொருளாக இருந்தது, பிறகு பறிபோனது, பின்னர் போராட்டத்தாலும் சட்டத்தாலும் மீட்கப்பட்டது. மூன்று கட்டங்களையும் தீர்மானித்தது போக்குவரத்து. இறுதிக் கட்டத்தில் சத்தம் ஒழியவில்லை, இடம்தான் மாறியது என்பது இக்கட்டுரையின் வாதம்.

படகும் மனையும்

1814இல் ராபர்ட் ஃபுல்டனின் நீராவிப் படகு மன்ஹாட்டனுக்கும் புரூக்ளினுக்கும் இடையே ஓடத் தொடங்கியது. அதுவரை காற்றையும் நீரோட்டத்தையும் நம்பியிருந்த பயணம் குறித்த நேரத்தில் முடியும் பயணமானது. அந்தப் படகுச் சேவைக்குத் துணைநின்ற ஹெசக்காயா பியர்பாண்ட், மேட்டில் சுமார் 60 ஏக்கர் நிலத்தைக் கையில் வைத்திருந்தார். அதை 25 அடி அகலமும் 100 அடி நீளமும் உள்ள மனைகளாகப் பிரித்து, மன்ஹாட்டனில் தொழில் செய்யும் கனவான்களை நோக்கி விளம்பரம் செய்தார். பகலில் நகரத்தின் வருமானம், இரவில் கிராமத்தின் காற்று என்பதே அவர் விற்ற சரக்கு. அமெரிக்காவின் முதல் புறநகர் என்று இப்பகுதியைப் பலர் அழைப்பதற்குக் காரணம் இதுதான். உள்நாட்டுப் போர் மூளும் 1861க்குள் கட்டப்பட்ட வீடுகளில் 600க்கும் மேற்பட்டவை ஒரு நூற்றாண்டுக்குப் பிறகும் நிலைத்திருந்தன.

இந்த அமைதிக்கு அப்போதே ஓர் அடித்தளம் இருந்தது. மேட்டின் அடிவாரத்தில் ஃபர்மன் தெருவையொட்டிச் சரக்குக் கிடங்குகளும் கப்பல்துறைகளும் இரைந்துகொண்டிருந்தன. கொலம்பியா ஹைட்ஸ் தெருவின் வணிகர் வீடுகள் சிலவற்றின் பின்புறத் தோட்டங்கள் அக்கிடங்குகளின் கூரைமேல் அமைந்திருந்தன. கீழே உழைப்பும் இரைச்சலும், மேலே புல்தரையும் ஆற்றுக் காட்சியும்.

பாலத்துக்குப் பிறகு

1883 மே 24இல் புரூக்ளின் பாலம் திறக்கப்பட்டது. அதன் தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங் நோயுற்று, கொலம்பியா ஹைட்ஸில் இருந்த தம் வீட்டு ஜன்னல் வழியாகவே கட்டுமானத்தைக் கண்காணித்தார். 1908இல் சுரங்க ரயிலும் வந்து சேர்ந்தது. படகுக்கட்டணம் தரக்கூடியவர்களுக்கு மட்டும் அருகில் இருந்த மேடு இப்போது எல்லோருக்கும் அருகில் வந்தது. பழைய குடும்பங்கள் பலவும் வெளியேறின. அவர்கள் விட்டுச்சென்ற வீடுகள் அறை அறையாக வாடகைக்கு விடப்பட்டன. கிளார்க் தெருவின் செயின்ட் ஜார்ஜ் ஹோட்டல் 2,000க்கும் மேற்பட்ட அறைகளோடு நகரத்தின் மிகப் பெரிய விடுதியாக வளர்ந்தது.

சரிவு என்று சொத்து வரலாறு குறிக்கும் இக்காலமே, குறைந்த வாடகையின் பயனாக எழுத்தாளர்களை ஈர்த்த காலமும் ஆகும். 1940இல் மிடா தெருவின் 7ஆம் எண் வீட்டில் கவிஞர் டபிள்யூ. எச். ஆடன், நாவலாசிரியர் கார்சன் மெக்கல்லர்ஸ், இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் முதலியோர் கூடி வாழ்ந்தனர். சில ஆண்டுகளில் அந்த வீடு இடிக்கப்பட்டது. இடித்தது விரைவுச்சாலைத் திட்டம்.

ஒரே சாலை, இரு விதிகள்

நியூயார்க்கின் பெருந்திட்டங்களைத் தம் பிடியில் வைத்திருந்த ராபர்ட் மோசஸ், 1940களில் புரூக்ளின்–குவீன்ஸ் விரைவுச்சாலையை ஹிக்ஸ் தெரு வழியாக, இப்பகுதியை ஊடறுத்துக் கொண்டுசெல்லத் திட்டமிட்டார். 1910 முதல் இயங்கிவந்த புரூக்ளின் ஹைட்ஸ் சங்கம் எதிர்த்தது. வழக்கறிஞர்களும் வங்கியாளர்களும் நிறைந்த சங்கம் அது. மாற்றுவழியைத் தானே முன்வைக்கும் திறன் அதற்கு இருந்தது. முடிவில் சாலை மேட்டின் விளிம்புக்கு நகர்ந்தது. இரண்டு அடுக்குகளாகச் செல்லும் வாகனத் தடங்களும் அவற்றுக்கு மேல் ஒரு நடைமேடையும் சரிவிலிருந்து வெளியே நீளும் கான்கிரீட் தட்டுகளாகக் கட்டப்பட்டன. 1950இல் திறக்கப்பட்ட அந்த நடைமேடை, பழைய கிடங்குக் கூரைத் தோட்டத்தின் அமைப்பையே பெரிய அளவில் மீண்டும் நிறுவியது. ஒரு வேறுபாடு: இம்முறை மேல்தளம் பொதுமக்களுக்கு உரியதானது.

தெற்கே அதே சாலை வேறு முகம் காட்டியது. கப்பல்துறைத் தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்த பகுதியில் ஹிக்ஸ் தெருவையொட்டித் திறந்த பள்ளமாக அது தோண்டப்பட்டு, கொலம்பியா தெருக் குடியிருப்புகளை மற்றப் பகுதியிலிருந்து துண்டித்தது. அங்கே மேல்தளமும் இல்லை, நடைமேடையும் இல்லை.

சட்டம் காத்தது எதை?

1950களின் இறுதியில் இளம் தம்பதிகள் பலர் இங்கே பழைய வீடுகளை வாங்கிப் புதுப்பிக்கலாயினர். 1958 முதல் அவர்கள் மரபுப் பாதுகாப்புக்காக அணிதிரண்டனர். கட்டடக்கலை வரலாற்றாசிரியர் கிளே லங்காஸ்டர் வீடுவீடாக ஆய்ந்து 1961இல் வெளியிட்ட நூல் அவர்களுக்குச் சான்றாதாரமானது. 1963இல் தொடங்கிய பென்சில்வேனியா ரயில் நிலைய இடிப்பு நகரத்தையே உலுக்கியது. 1965 ஏப்ரலில் மேயர் ராபர்ட் வாக்னர் மரபுச்சின்னப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதே ஆண்டு நவம்பர் 23இல் புரூக்ளின் ஹைட்ஸ் நகரத்தின் முதல் மரபுப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. 1967இல் புதிய கட்டடங்களுக்கு 50 அடி உயர வரம்பும் வந்தது.

மரபுச்சின்னச் சட்டத்தின் கீழ், வீட்டின் வெளித்தோற்றத்தில் மாற்றம் செய்ய நகரத்தின் மரபுச்சின்னப் பாதுகாப்பு ஆணையத்தின் அனுமதி வேண்டும். உள்ளே யார் குடியிருப்பது, எவ்வளவு வாடகை என்பவை அதன் எல்லைக்குள் வரவில்லை. வாடகை அறைகளாகப் பிரிந்திருந்த வீடுகள் ஒரே குடும்பத்தின் வீடுகளாக மீண்டும் மாறியபோது, சுவர் அப்படியே நின்றது, வாடகைதாரர் போனார்.

முடிவுரை

2018இல், பழுதடைந்த விரைவுச்சாலையைச் செப்பனிடும்வரை நடைமேடை மட்டத்திலேயே தற்காலிக ஆறுவழிச் சாலை அமைக்க நகர நிர்வாகம் முன்மொழிந்தது. எதிர்ப்பு வலுக்கவே அந்த யோசனை கைவிடப்பட்டது. 1940களின் போராட்டம் கற்றுத்தந்த வழிமுறை எழுபது ஆண்டுக்குப் பிறகும் பலித்தது. அந்த வழிமுறைக்குத் தேவையான செல்வமும் சட்ட அறிவும் தொடர்புகளும் தெற்கேயிருந்த கப்பல்துறைக் குடும்பங்களுக்கு வாய்க்கவில்லை. ஆகவே மரபுப் பகுதிகளை ஆராய்வோர் அவற்றின் எல்லைக்கோட்டுக்குள் நின்றுவிடுவது போதாது. அங்கே தடுக்கப்பட்ட சாலை எந்தத் தெரு வழியாகச் சென்றது, அங்கிருந்து வெளியேறியவர் யார் என்ற கேள்விகளும் அந்தப் பகுதியின் வரலாற்றைச் சேர்ந்தவையே.