பழவேற்காட்டுக் கோட்டையும் நாடுகளின் உறவு பற்றிய இரு கொள்கைகளும்

பெரியபாளையத்தை அடுத்து ஓடும் ஆரணியாறு கிழக்கு நோக்கிச் சென்று பழவேற்காட்டு ஏரியிற் கலக்கின்றது. ஏரிக்கும் கடலுக்கும் அருகே அமைந்த பழவேற்காட்டில், ஒல்லாந்தர் கட்டிய கெல்திரியாக் கோட்டையின் சிதைவும், வேலைப்பாடு மிக்க கற்களைக் கொண்ட அவர்களுடைய கல்லறைத் தோட்டமும் இன்றும் உள்ளன. நாடுகள் ஒன்றோடொன்று நடந்துகொள்ளும் முறையைப் பற்றி அறிஞர் வகுத்துள்ள இருபெருங் கொள்கைகளைச் சோதித்தறிய, இவ்விடத்தைவிடப் பொருத்தமானதொன்று நம் நாட்டில் அரிது எனலாம்.

1. இரு கொள்கைகள்

முதலாவது, யதார்த்தவாதம். நாடுகளுக்கு மேலாக நின்று நீதி வழங்கும் அரசு உலகில் இல்லை. ஆகவே ஒவ்வொரு நாடும் தன் பாதுகாப்பைத் தானே தேடவேண்டும். அதற்கு ஆற்றலே கருவி. அறநெறி பேசும் அரசும் தன் நலத்தையே நாடும் என்பது இக்கொள்கை. பண்டைக் கிரேக்கரான துசிடிடீசு முதல் ஆங்கிலேயரான ஹாப்சு வரை இதற்கு முன்னோடிகள் பலர். நம் காலத்திற்கு அணித்தாக, 1932-இல் ரைன்ஹோல்ட் நீபுர் என்னும் இறையியலறிஞர், தனிமனிதர் ஓரளவு தந்நலம் துறக்கக் கூடுமாயினும் கூட்டங்களுக்கும் நாடுகளுக்கும் அது மிக அரிது என வாதிட்டார். 1948-இல் மார்கெந்தோ இக்கொள்கையை முறையான அரசியற் கோட்பாடாக்கினார்.

இரண்டாவது, தாராளவாதம். வாணிகம் நாடுகளைப் பிணைக்கும். உடன்படிக்கைகள் நம்பிக்கையை வளர்க்கும். பொதுச் சட்டமும் பொது அமைப்புகளும் போரைக் கட்டுப்படுத்தும் என்பது இதன் சாரம். 1795-இல் காண்ட் வெளியிட்ட நிலையான சமாதானம் பற்றிய சிறு நூலும், பிரெஸ்பிட்டேரியன் போதகரின் மகனான உட்ரோ வில்சன் முன்னின்று வகுத்து 1920-இல் தோன்றிய சர்வதேச சங்கமும் இம்மரபைச் சார்ந்தவை. இம்மரபின் தந்தையருள் ஒருவராக எண்ணப்படுபவர் ஒல்லாந்தரான ஹ்யூகோ குரோசியசு.

2. திறந்த கடலும் அடைத்த துறையும்

குரோசியசு சட்டவறிஞர் மட்டுமல்லர், இறையியலாரும் ஆவார். டோர்ட் சங்கக் காலத்தில் ஆர்மினியர் பக்கம் நின்றமையால் 1619-இல் ஆயுட்சிறை பெற்றார். சிறையிலிருந்தபோது, கீழ்நாடுகளுக்குச் செல்லும் மாலுமிகளுக்கென்றே கிறிஸ்தவ மார்க்கத்தின் மெய்மையை நிலைநாட்டும் செய்யுள் நூலொன்றை இயற்றினார். 1621-இல் புத்தகப் பெட்டிக்குள் ஒளிந்து சிறையினின்று தப்பினார். அவருடைய போர், சமாதானச் சட்டம் பற்றிய பெருநூல் 1625-இல் வெளிவந்தது.

எனினும் பழவேற்காட்டுக்கு நெருங்கிய தொடர்புடையது, 1609-இல் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்த அவருடைய முந்திய நூலாகும். கடல் எவர்க்கும் உடைமையாகாது; எந்த நாட்டினரும் எந்த நாட்டினரோடும் வாணிகஞ் செய்யலாம் என்று அதில் வாதிட்டார். போர்ச்சுக்கீசியர் கீழைக்கடலைத் தம் தனியுடைமை எனக் கூறிவந்ததை மறுப்பதே நோக்கம். ஆயின் இந்நூல் தனித்து எழுந்ததன்று. 1603-இல் சிங்கப்பூர் நீரிணையில் ஒல்லாந்தர் கைப்பற்றிய போர்ச்சுக்கீசியக் கப்பலின் கொள்ளைப் பொருளை நியாயப்படுத்த, ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சார்பில் அவர் எழுதிய பெரிய வாதத்தின் ஓர் அதிகாரமே அது.

நூல் வெளிவந்த மறு ஆண்டில், 1610-இல், விசயநகர மன்னர் இரண்டாம் வேங்கடரிடமிருந்து ஒல்லாந்தர் பழவேற்காட்டில் வாணிகம் செய்ய உரிமை பெற்றனர். மலுக்குத் தீவுகளில் நறுமணப் பொருள் வாங்க இக்கரையின் துணி தேவைப்பட்டது. 1611-இல் குளோப் என்னும் ஆங்கிலக் கப்பல் அங்கு வந்தபோது, மாரிசு இளவரசரின் அனுமதிச் சீட்டில்லாத ஐரோப்பியர் எவரும் இங்கு வாணிகம் செய்யலாகாது என்று தாம் மன்னரிடம் கவுல் பெற்றிருப்பதாகக் கூறி ஒல்லாந்தர் தடுத்தனர். ஆங்கிலேயர் வடக்கே மசூலிப்பட்டினத்தை நாடிச் சென்றனர். கடல் எல்லார்க்கும் பொது என்றவர்கள், துறையைத் தமக்கென அடைத்துக்கொண்டனர்.

1613-இல் ஒல்லாந்தத் தூதுக்குழுவில் ஒருவராக குரோசியசு இலண்டன் சென்றார். அங்கே ஆங்கிலேயர் அவருடைய நூலின் வாதத்தையே அவருக்கெதிராக எடுத்துக்காட்டினர். கீழ்நாட்டு அரசரோடு செய்துகொண்ட உடன்படிக்கைகள் மீறலாகாதவை என்பது அவர் விடை.

3. கோட்டையும் உடன்படிக்கையும்

யதார்த்தவாதி இந்நிகழ்ச்சிகளைத் தம் கொள்கைக்குச் சான்றாகக் கொள்வார். 1612-இல் சாந்தோமிலிருந்து வந்த போர்ச்சுக்கீசியர் பழவேற்காட்டுப் பண்டகசாலையைத் தாக்கி அழித்தனர். மன்னரின் கவுல் அதைக் காக்கவில்லை. எனவே 1613-இல் கெல்திரியாக் கோட்டை எழுந்தது. தற்காப்புக்கென எழுந்த மதில் அண்டையிலிருப்போர்க்கு அச்சுறுத்தலாயிற்று. அவர்களும் மதில் தேடினர். 1639-இல் ஆங்கிலேயர் சென்னையில் நிலம் பெற்றதும், பின்னர் அங்கே கோட்டை கட்டத் தொடங்கியதும் இவ்வரிசையிற் சேர்ந்தவையே.

தாராளவாதியிடமும் விடையுண்டு. ஆற்றலே யாவுமாயின், பீரங்கியுடைய ஒல்லாந்தர் மன்னரின் ஓலையை ஏன் நாடினர்? உரிமை இன்றி ஆற்றல் நிலைக்காது என்பதை அவர்களும் உணர்ந்திருந்தனர். மேலும், 1619-இல் இரு கம்பெனிகளும் உடன்படிக்கை செய்தன. அதன்படி 1621-இல் ஆங்கிலேயர் பழவேற்காட்டு வாணிகத்தில் பங்கு பெற்றனர். காவற்படைச் செலவிலும் பங்கேற்றனர். ஆயினும் ஒற்றுமை நீடிக்கவில்லை. 1623-இல் ஆங்கிலேயர் பழவேற்காட்டை விட்டகன்றனர். அவ்வாண்டிலேயே அம்போய்னாத் தீவில் ஒல்லாந்தர் ஆங்கிலேயர் பதின்மரைக் கொன்றனர். உடன்படிக்கை பிறந்ததைத் தாராளவாதம் விளக்குகிறது; அது முறிந்ததை யதார்த்தவாதம் விளக்குகிறது. வரலாற்றில் இரண்டும் நிகழ்ந்தன.

4. இரு கொள்கைகளும் காணாதவர்

ஆயினும் இறையியல் மாணவர் இவ்விரண்டோடு நின்றுவிடலாகாது. இரு கொள்கைகளும் அரசுகளையும் கம்பெனிகளையுமே காண்கின்றன. பழவேற்காட்டில் வேறு சிலரும் இருந்தனர். பதினேழாம் நூற்றாண்டில் இத்துறையினின்றும் சோழமண்டலக் கரையின் பிற துறைகளினின்றும் ஆயிரக்கணக்கான ஆண், பெண், குழந்தைகளை ஒல்லாந்தக் கம்பெனி விலைக்கு வாங்கிப் பத்தாவியா முதலிய இடங்களுக்கு அடிமைகளாக ஏற்றியது. பஞ்சமும் போரும் வந்தபோதெல்லாம் இவ்வாணிகம் பெருகிற்று. திறந்த கடல் இவர்களுக்குத் திறந்ததன்று. அதிகாரச் சமநிலையில் இவர்கள் எடைக்கல்லாகவும் எண்ணப்படவில்லை. உடன்படிக்கைகளில் ஒப்பமிட்டவரும் அல்லர்.

1632 முதல் 1642 வரை அக்கோட்டையில் ஆபிரகாம் ரோசேரியசு என்னும் சீர்திருத்தச் சபைப் போதகர் ஊழியம் செய்தார். பத்மநாபர் என்ற பிராமணரிடம் கேட்டறிந்து அவர் எழுதிய நூல் அவர் இறந்தபின் 1651-இல் வெளிவந்தது. இந்து சமயத்தை ஐரோப்பியர்க்கு அறிமுகம் செய்த தொடக்க நூல்களுள் அது சிறந்தது. அதன் பொருள் பிராமணரின் வாழ்வும் வழிபாடும், கப்பலேற்றப்பட்ட அடிமைகளல்லர். அவரைக் குற்றஞ்சாட்டுவது நம் நோக்கமன்று. கோட்டைக்குள் ஊதியம் பெறும் ஊழியனுக்குக் கோட்டையின் வாயிலில் நிகழ்வது எவ்வளவு எளிதாகப் பழகிப்போகும் என்பதே நாம் கற்கவேண்டியது.

காண்ட் தம் நூலை வெளியிட்ட 1795-ஆம் ஆண்டிலேயே ஆங்கிலேயர் பழவேற்காட்டை இரண்டாம் முறை கைப்பற்றினர். அந்நூலில் அவர், வாணிக நிலையம் அமைக்கும் போர்வையில் ஐரோப்பியர் இந்தியாவுக்குப் படைகளைக் கொணர்ந்து மக்களை ஒடுக்கியதைக் கண்டித்திருந்தார். 1818-இல் ஊர் ஒல்லாந்தரிடம் மீண்டது. 1824-ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி 1825-இல் ஆங்கிலேயர்க்கே உரியதாயிற்று. ஊர் கைமாறிய ஒருமுறையேனும் ஊராரைக் கேட்டாரில்லை.

5. திருச்சபையின் நிலை

பாவத்தைப் பற்றிய நம் போதனை யதார்த்தவாதத்திற்கு அணுக்கமானது. நாடுகளின் பெருமையும் அச்சமும் நல்லெண்ணத்தால் மட்டும் நீங்கா. ஆயின் பாவத்தைக் கண்டறிவது வேறு; அதையே சட்டமென ஏற்பது வேறு. உடன்படிக்கையைப் பற்றிய நம் போதனை தாராளவாதத்திற்கு அணுக்கமானது. ஆயின் திருமறையின் உடன்படிக்கை அந்நியனையும் விதவையையும் திக்கற்றோரையும் உள்ளடக்கியது. பேரம் பேச வல்ல இருவருக்கிடையே மட்டும் நிகழ்வதன்று.

நாபோத்தின் திராட்சத்தோட்டம் வெறும் வன்முறையாற் பறிக்கப்படவில்லை. முத்திரையிட்ட நிருபங்கள் அனுப்பப்பட்டன, உபவாசம் கூறப்பட்டது, சாட்சிகள் நிறுத்தப்பட்டனர். ஆற்றலும் சட்டமும் கைகோத்தே அங்கு நின்றன. அத்தகைய வேளையில் எலியா தீர்க்கதரிசி ஆகாபைச் சந்திக்க அனுப்பப்பட்ட இடம், பறிக்கப்பட்ட அத்தோட்டமேயாகும்.

இந்நாளிலும் போர் மூளுங்கால், நாட்டின் வலிமைக்காக மன்றாடும்படியும், உடன்படிக்கை கையெழுத்தாகுங்கால் நன்றி செலுத்தும்படியும் ஆயர்கள் கேட்கப்படுகின்றனர். இரண்டும் தக்கனவாயிருக்கலாம். ஆயினும் இவ்விரண்டிலும் பெயர் குறிக்கப்படாதோர் யாவர் என முதலில் வினவுவது நம் பணி. பழவேற்காட்டிற்குச் செல்லும் மாணவர் செதுக்கிய கல்லறைக் கற்களைப் படித்தபின், கல்லே இல்லாதவர்களையும் எண்ணிப் பார்ப்பாராக.