ஐந்து நாள் காத்திருந்த கொடிக்கயிறு

கும்மிடிப்பூண்டி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? சென்னையிலிருந்து வடக்கே போகும் பல மின்சார ரயில்களின் கடைசி ஸ்டேஷன். சிப்காட். இரும்பு உருக்கும் ஆலைகள். ஆந்திரா பக்கம் போகிற லாரிகள். மிஞ்சிப்போனால் அவ்வளவுதான்!

அந்தக் கும்மிடிப்பூண்டி ஒன்றியத்தில் ஆத்துப்பாக்கம் என்று ஓர் ஊராட்சி. அத்திரம்பாக்கம் என்று படித்துவிடாதீர்கள். அது இதே திருவள்ளூர் மாவட்டத்தில், சுமார் பதினைந்து லட்சம் ஆண்டுக்கு முந்தைய கல் கருவிகள் கிடைத்த இடம். நான் சொல்கிற ஆத்துப்பாக்கத்தின் கதை ரொம்பச் சமீபத்தியது. ஆனால், அதன் வேரைத் தேடிப் போனால் ஆயிரம் வருஷம் பின்னால் போகவேண்டியிருக்கும்.

2019 டிசம்பர் கடைசியில் தமிழ்நாட்டின் ஊரகப் பகுதிகளில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. ஆத்துப்பாக்கம் தலைவர் பதவி பட்டியல் சாதிப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அறுபதை ஒட்டிய வயதில் இருந்த அமிர்தம் என்கிற பெண்மணி ஜெயித்து, 2020 ஜனவரியில் பதவியேற்றார். அந்த மாதமே குடியரசு தினம் வந்தது. ஊரில் கொடியேற்ற வேண்டியவர் ஊராட்சித் தலைவர். அமிர்தத்தை ஏற்ற விடவில்லை. சரி, ஆகஸ்ட் 15 வரட்டும் என்று காத்திருந்தார். அன்றைக்கும் அதே கதை!

விஷயம் பத்திரிகைகளில் வந்தது. தொலைக்காட்சிகளில் ஓடியது. போலீஸில் வழக்குப் பதிவானது. ஆகஸ்ட் 20-ஆம் தேதி, அப்போதைய திருவள்ளூர் கலெக்டர் மகேஸ்வரி ரவிக்குமாரும் மாவட்ட எஸ்.பி.யும் ஊருக்கு வந்து நிற்க, அமிர்தம் கயிற்றை இழுத்தார். கொடி பறந்தது. நாடெல்லாம் 15-ஆம் தேதி கொண்டாடிய சுதந்திர தினம், அந்தத் தலைவருக்கு மட்டும் ஐந்து நாள் லேட்!

‘ஒரு கொடி ஏற்றுவதில் என்ன சார் இருக்கு? தண்ணி வருதா, லைட் எரியுதா... அதைப் பார்க்க வேண்டியதுதானே தலைவர் வேலை?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இதற்குப் பதில் சொல்ல, 1688-க்குப் போகவேண்டும்.

அந்த வருஷம் செப்டம்பரில்தான் சென்னை மாநகராட்சி பிறந்தது. இந்தியாவின் முதல் மாநகராட்சி. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மதராஸ்வாசிகள் மீது திடீர்ப் பாசம் பொங்கிவிட்டது என்று நினைக்காதீர்கள். கோட்டையைப் பராமரிக்கவும் ஊரை நிர்வகிக்கவும் காசு வேண்டும். வரி போட்டால் ஜனங்கள் முறைக்கிறார்கள். லண்டனில் இருந்த கம்பெனித் தலைவர் ஜோசையா சைல்ட் பலே ஆசாமி. ‘அவர்களில் சிலரையே சபையில் உட்கார வைத்து, அவர்கள் வாயாலேயே வரி போடச் சொன்னால் மறுக்க மாட்டார்கள்’ என்று கணக்குப் போட்டார். மேயராக நத்தேனியல் ஹிக்கின்சன். அவருக்குக் கீழே 12 ஆல்டர்மேன்கள். அதில் உள்ளூர் வணிகர்கள் மூன்று பேர். அவர்களுக்குச் சிவப்பு அங்கி. ஊர்வலத்தில் முன்னால் தூக்கிப் போக வெள்ளிச் செங்கோல்!

அந்த வெள்ளைக்கார வியாபாரிக்கு ஒரு விஷயம் நன்றாகப் புரிந்திருந்தது. பதவி என்பது காகிதத்தில் இருந்தால் போதாது. அங்கி, செங்கோல், நாற்காலி என்று நாலு பேர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அப்போதுதான் ஊர் மதிக்கும். (சைல்டின் வரிக் கணக்கு பெரிதாகப் பலிக்கவில்லை என்பது வேறு விஷயம். அங்கியை வாங்கிக்கொண்டவர்கள் வரியை மட்டும் லேசில் தரவில்லை!)

இன்னும் பின்னால் போனால், இருக்கவே இருக்கிறது உத்திரமேரூர். குடவோலையைப் பற்றிப் பேசாத மேடை உண்டா? முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகள். ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். கணக்குக் காட்டாமல் போனவன் மறுபடி நிற்க முடியாது. அவன் சொந்தக்காரர்களும் நிற்க முடியாது. இன்றைக்கும் நாம் ஏக்கப் பெருமூச்சு விடக்கூடிய விதிகள்தான், சந்தேகமில்லை.

ஆனால், குடத்துக்குள் யார் பெயர் விழும் என்றும் அதே கல்லில் வெட்டியிருக்கிறது. வரி கட்டுகிற நிலம் கால் வேலியாவது வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதம் படித்திருக்க வேண்டும். அது பிராமணர்களின் சபை. மேடையில் பேசுகிறவர்கள் இந்த வரிகளுக்கு வரும்போது மட்டும் கொஞ்சம் வேகமாகப் படித்துவிடுவார்கள். நிலமில்லாத ஆத்துப்பாக்கத்து அமிர்தங்களின் ஓலை அந்தக் குடத்தில் விழுந்திருக்க வழியே இல்லை.

நவீன காலத்துக்கு வருவோம். 1882 மே மாதம் ரிப்பன் பிரபு தல சுயாட்சித் தீர்மானம் கொண்டுவந்தார். சென்னையில் இன்றும் நிற்கிற வெள்ளை மாளிகைக்குப் பெயர் கொடுத்தாரே, அவரேதான். 1884-ல் மதராஸ் மாகாணத்தில் உள்ளாட்சிச் சட்டம் வந்தது. ஜில்லா போர்டு, தாலுகா போர்டு, கிராமங்களைச் சேர்த்த யூனியன் என்று மூன்று அடுக்கு. பண்ணையார்களும் வக்கீல்களும் போய் உட்கார்ந்தார்கள். மற்றவர்கள் வெளியே நின்றார்கள். ‘நின்றார்கள்’ என்பதை அப்படியே அர்த்தம் பண்ணிக்கொள்ளலாம். பொதுச் சாலையில் நடக்கவும், பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்கவும், ஏன், சர்க்கார் ஆபீஸுக்குள் நுழையவும் எந்தச் சாதிக்காரருக்கும் தடையில்லை என்று சட்டசபையில் ஒரு தீர்மானம் போட்டுத்தான் சொல்ல வேண்டியிருந்தது. அது 1924-ல். கொண்டுவந்தவர் இரட்டைமலை சீனிவாசன். செங்கல்பட்டு ஜில்லாக்காரர். அப்போது கும்மிடிப்பூண்டியும் அந்த ஜில்லாவில்தான் இருந்தது.

நாற்காலி சட்டப்படி கிடைக்க இன்னும் எழுபது வருஷம் ஆனது. 1993 ஏப்ரல் 24-ல் நடைமுறைக்கு வந்த 73-வது அரசியல் சட்டத் திருத்தம், ஊராட்சிகளில் தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் இடம் ஒதுக்கவேண்டும் என்று கட்டாயமாக்கியது. 1994-ல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம். 1996-ல் தேர்தல்.

அடுத்து நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். மேலவளவில் தலைவராக ஜெயித்த முருகேசனும் அவரோடு வந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று, பஸ்ஸை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். மதுரை மாவட்டத்தின் பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டக்காச்சியேந்தல் ஆகிய ஊர்களில் பத்து வருஷம் தேர்தலே உருப்படியாக நடக்கவில்லை. நிற்க ஆள் வராது. வந்து ஜெயித்தால், பதவியேற்ற கையோடு ராஜினாமா! 2006-ல்தான் அந்த முடிச்சு அவிழ்ந்தது. அப்போது மதுரை கலெக்டராக இருந்த உதயச்சந்திரன் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். தலைவர்கள் பதவியில் நிலைத்ததைக் கொண்டாட, முதல்வர் கருணாநிதி சென்னையில் சமத்துவப் பெருவிழாவே நடத்தினார்.

கத்தி பின்வாங்கிய இடத்தில் வந்ததுதான் கயிறு விவகாரம். ‘நீ தலைவராக இரு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால், தலைவர் மாதிரி தெரியக்கூடாது...’

ஆத்துப்பாக்கம் செய்தி வந்த அதே 2020-ல், அக்டோபரில் இன்னொரு போட்டோ வெளியானதே, ஞாபகம் இருக்கிறதா? கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை. ஊராட்சிக் கூட்டத்தில் மற்றவர்கள் நாற்காலியில். தலைவர் ராஜேஸ்வரி மட்டும் தரையில்!

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஊராட்சித் தலைவர் வேலை என்ன? மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏற வேண்டும். மோட்டார் ஆபரேட்டர் நேரத்துக்கு வரவேண்டும். தெருவிளக்கு, சாக்கடை, சுடுகாட்டுப் பாதை, நூறு நாள் வேலை. வீட்டு வரி, தொழில் வரி வசூல் வேறு. கும்மிடிப்பூண்டி மாதிரி கம்பெனிகள் நிறைந்த பகுதியில், இந்த வரி சமாசாரம் சில ஊராட்சிகளுக்குச் சின்ன விஷயம் கிடையாது. ஆக, அந்த நாற்காலியில் மரியாதை மட்டும் இல்லை, காசும் இருக்கிறது.

இதில் எதையும் தலைவர் தன் கையால் செய்வதில்லை. செயலரிடம் சொல்ல வேண்டும். ஆபரேட்டரிடம் சொல்ல வேண்டும். கம்பெனி மேனேஜரிடம் வரி கேட்க வேண்டும். வாய் வார்த்தைதான் அவருடைய ஆயுதம். சுதந்திர தினத்தில், ஊரே பார்க்க, ‘நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க’ என்று ஓரங்கட்டப்பட்டவர், மறுநாள் போய் ‘ரெண்டாவது தெருவில் ஏன் தண்ணி வரலை?’ என்று அதட்டினால் யார் மதிப்பார்கள்? கொடியைப் பிடுங்கினவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். கயிறு போனால் பின்னாலேயே மற்றதும் போகும்.

சட்டத்திலும் ஒரு சின்னச் சந்து உண்டு. ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவர் கையெழுத்து மட்டும் போதாது. துணைத் தலைவரும் சேர்ந்து போடவேண்டும். தனியொருவர் சுருட்டிவிடக் கூடாது என்கிற நல்லெண்ணம்தான். ஆனால், தலைவர் பதவிக்கு இடஒதுக்கீடு உண்டு. துணைத் தலைவர் பதவிக்குக் கிடையாது. வார்டு உறுப்பினர்கள் கூடித் தேர்ந்தெடுக்கிற பதவி அது. ஊரின் பெரிய கை யாரென்று சொல்லவா வேண்டும்? அவர் பேனாவை மூடிக்கொண்டால் பல்புகூட வாங்க முடியாது!

2022 ஆகஸ்டில், தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு எல்லா கலெக்டர்களுக்கும் ஒரு கடிதம் எழுதினார். பட்டியல் சாதித் தலைவர்கள் சுதந்திர தினத்தில் கொடியேற்றுவதை உறுதிசெய்ய வேண்டும்; தடுப்பவர்கள் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று உத்தரவு. சுதந்திரத்தின் 75 ஆண்டு நிறைவுக்கு நாடு தடபுடலாகத் தயாரான நேரம் அது. நல்ல கடிதம்தான். அப்படியொரு கடிதம் தேவைப்பட்டது என்பதைத்தான் ஜீரணிக்க முடியவில்லை.

ஆத்துப்பாக்கத்தில் 2020 ஆகஸ்ட் 20 அன்று கயிற்றை இழுத்த அமிர்தமும், அவரோடு தேர்வான மற்ற ஊராட்சித் தலைவர்களும் ஐந்து வருஷம் பதவியில் இருந்தார்கள். 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு பதவிக்காலம் முடிந்தது. அதற்குள் அடுத்த தேர்தல் நடத்தப்படவில்லை. திருவள்ளூர் உட்பட 28 மாவட்டங்களின் ஊராட்சிகள் தனி அலுவலர்கள் கைக்குப் போயின. அந்த வருஷம் ஆகஸ்ட் 15 அன்று, கொடியேற்ற விடலாமா கூடாதா என்று அந்த ஊர்களில் சண்டைக்கே இடமில்லை. கயிறு இருந்தது. ஜனங்கள் தேர்ந்தெடுத்த தலைவர் என்று யாரும் இல்லை.