சிரித்திரன் சுந்தரின் எழுத்து

ஈழத்துச் சித்திரக்கதை என்றவுடன் சவாரித்தம்பரும் சின்னக்குட்டியும் நினைவுக்கு வருவார்கள். இவர்களைப் படைத்த சுந்தர், கரவெட்டியைச் சேர்ந்த சி. சிவஞானசுந்தரம் (1924-1996). கட்டடக்கலை படிக்கப் பம்பாய் சென்றவர் கேலிச்சித்திரக்காரராகத் திரும்பினார். 1963 இல் கொழும்பில் அவர் தொடங்கிய 'சிரித்திரன்' சஞ்சிகை பின்னர் யாழ்ப்பாணத்திலிருந்து வெளிவந்தது. செங்கை ஆழியான் போன்றோர் அதில் எழுதினர்.

அவருடைய தூரிகையைப் பலரும் புகழ்ந்துவிட்டனர். நான் சொல்ல வந்தது 'மகுடி' என்ற பெயரில் அவர் எழுதிய கேள்வி பதில்களைப் பற்றி. பதில் பெரும்பாலும் ஓரிரு வரிதான். அதற்குள் ஓர் உவமை இருக்கும், ஒரு சிலேடை இருக்கும், சுருக்கென்று ஒரு குத்தலும் இருக்கும். கேலிச்சித்திரத்தின் கீழே கிடைக்கும் சிறு இடத்துக்குள் சொல்லைச் சுண்டக் காய்ச்சிப் பழகிய கை அது. வகுப்பிலே குறள் படிப்பிக்கிற எனக்கு அந்தச் சிக்கனத்தின் அருமை தெரியும். எங்கள் இலக்கிய வரலாற்றுக்காரரோ அவரை நகைச்சுவையாளர் என்று ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். 'கார்ட்டூன் உலகில் நான்' என்ற அவரது தன்வரலாற்றைப் படித்தவர் அப்படிக் கடக்கமாட்டார்.

1995 இலும் 2009 இலும் இடம்பெயர்ந்தபோது வீடுகளிலிருந்த சிரித்திரன் கட்டுகள் எத்தனையோ போய்விட்டன. இன்று நூலகம் இணையத்தளத்தில் பழைய இதழ்கள் பல கிடைக்கின்றன. சிலவற்றை மாணவரிடம் கொடுத்தேன். தம்பரின் பேச்சிலே பல சொற்களுக்கு விளக்கம் கேட்டார்கள். 'சவாரி' என்பதற்கு மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. மாட்டுவண்டிச் சவாரி கிளிநொச்சியில் இன்றும் நடக்கிறதல்லவா!