நியமித்த வாசகமும் பிரசங்கியும்

1936ஆம் ஆண்டில் பேராயர் லூயி மத்தியாஸ் ஆண்டகை பூந்தமல்லியில் திருஇருதயக் குருமடத்தை நிறுவிய காலத்தில், அங்கே குருப்பட்டத்துக்குப் பயின்ற மாணாக்கர் பிற்காலத்தில் எந்த ஞாயிற்றுக்கிழமை எந்தச் சுவிசேஷத்தின்மேல் பிரசங்கிக்க வேண்டும் என்பதை, அவர்கள் பிறப்பதற்கு ஏறக்குறைய மூன்றரை நூற்றாண்டுகளுக்கு முன்பே, 1570இல் பாப்பரசர் ஐந்தாம் பத்திநாதர் வெளியிட்ட பூசைப் புத்தகம் நிர்ணயித்திருந்தது. ஞாயிறு ஒவ்வொன்றுக்கும் ஒரு நிருபம், ஒரு சுவிசேஷம். ஆண்டு முடிந்ததும் அதே சுற்று மறுபடியும். இலத்தீனில் ஓதப்பட்ட பகுதியைத் தமிழில் ஒருமுறை வாசித்துவிட்டு, பத்துக் கற்பனைகளுக்கோ ஏழு தேவதிரவிய அநுமானங்களுக்கோ பிரசங்கி தாவிவிடுவது அக்காலத்தில் சகஜம். பழைய குறிப்பேட்டைத் தூசி தட்டினால் அந்த வாரம் கடந்துவிடும் என்ற சௌகரியமும் இருந்தது.

இந்தச் சௌகரியத்தைக் கலைத்தது இரண்டாம் வத்திக்கான் சங்கம். 1963 டிசம்பர் 4ஆம் தேதி வெளியான வழிபாட்டுச் சாசனம், வேதாகமத்தின் பொக்கிஷங்கள் விசுவாசிகளுக்குத் தாராளமாகத் திறக்கப்பட வேண்டும் என்றும், மறையுரை வழிபாட்டின் ஓர் அங்கமே என்றும் விதித்தது. அதன்படி 1969இல் வந்த வாசக ஒழுங்கு மூன்றாண்டுச் சுற்றை உடையது: முதலாண்டு மத்தேயு, இரண்டாமாண்டு மாற்கு, மூன்றாமாண்டு லூக்கா. முன்பு ஞாயிறுகளில் அபூர்வமாகவே ஒலித்த பழைய ஏற்பாடு, இப்போது பெரும்பாலான ஞாயிறுகளில் முதல் வாசகமாயிற்று.

மறையுரை தயாரிப்பவரின் சங்கடம் இங்கேதான் ஆரம்பமாகிறது. முதல் வாசகம் நற்செய்திக்கு இசைவாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. இரண்டாம் வாசகமோ, ஆண்டின் பொதுக்காலத்தில், ஒரு நிருபத்தை வாரந்தோறும் தொடர்ந்து படித்துச் செல்வதாகையால், மற்ற இரண்டோடும் அதற்குச் சம்பந்தம் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. இதை அறியாமல் மூன்றையும் ஒரே கயிற்றில் கட்ட முயன்று மூச்சுத் திணறும் பிரசங்கிகள் இன்றும் உண்டு. மாற்கு சிறிய நூலாதலால், அவருடைய ஆண்டில் ஐந்து ஞாயிறுகள் தொடர்ச்சியாக யோவான் ஆறாம் அதிகாரம் வருகிறது. ஐந்து வாரமும் அப்பத்தைப் பற்றியே பேசிச் சபையோரை விழித்திருக்கச் செய்வது, என் அபிப்பிராயத்தில், எந்தப் பரீட்சையினும் கடினமானது.

அயலில், 1947இல் உதித்த தென்னிந்தியத் திருச்சபையின் ஆலயங்களில் ஏற்பாடு சற்று வேறு. திருச்சபையின் பஞ்சாங்கம் ஞாயிற்றுக்குரிய பாடங்களோடு அவற்றைப் பிணைக்கும் தலைப்பையும் கொடுத்துவிடுவதால், போதகர் இழையைத் தேடி அலைய வேண்டுவதில்லை. ஆனால் தலைப்பைப் பற்றிக்கொண்டு பாடத்தைக் கைவிட்டுவிடும் அபாயம் அதில் உண்டு.

நியமித்த வாசகத்தால் பிரசங்கிக்கு ஒரு நன்மையும் உண்டு. 1961இல் பூந்தமல்லிக்கு அருகே ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும், அந்தப் பத்தாண்டிலேயே அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் எழுந்து, பல ஜில்லாக்களிலிருந்தும் வந்த குடும்பங்களால் இப்பகுதியின் சபைகள் பெருகின. முதலாளியும் தொழிலாளியும் அடுத்தடுத்து அமரக்கூடிய அத்தகைய சபையில், மரக்காலைச் சுருக்கி, கள்ளத் தராசால் ஏழையை ஏமாற்றும் வியாபாரிகளைச் சாடும் தீர்க்கதரிசி ஆமோஸைத் தாமாகத் தேர்ந்தெடுக்கும் துணிவு எத்தனை குருமாருக்கு வரும்? ஆனால் லூக்கா ஆண்டின் பொதுக்கால இருபத்தைந்தாம் ஞாயிற்றில் ஆமோஸ் கேளாமலே வந்து நிற்கிறார். ஆலயத்துக்கு நன்கொடை தந்தவர் முகம் சுளித்தாலும், குறை வாசக ஒழுங்கினுடையது என்று குருவானவர் சொல்லிக்கொள்ளலாம். இருபத்தாறாம் ஞாயிற்றுக்கும் ஆமோஸ்தான்.