மிசிர்லூ

கிழக்கு மத்தியதரைக் கடற்பகுதியில் பிறந்து, பின்னாளில், கடலலைச் சறுக்கலோடு பிணைந்த அமெரிக்க சர்ஃப் ராக் இசையின் அடையாளமாகிவிட்ட மெட்டு. தலைப்புக்கு 'எகிப்துப் பெண்' என்று பொருள். இதன் ஸ்வரங்கள் நம் மாயாமாளவகௌளை ராகத்தை ஒத்தவை.

யார் இயற்றியது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. தியோடோட்டோஸ் டெமெட்ரியாடெஸ் 1927-இல் நியூயார்க்கில் பதிவுசெய்ததே மிகப் பழைய இசைத்தட்டாகக் கருதப்படுகிறது. அதே ஆண்டில் ஏதென்ஸில் மிகாலிஸ் பாட்ரினோஸ் குழு இதை வாசித்ததாகவும் குறிப்பு உண்டு. அன்றைய வடிவம், ரெபெட்டிகோ என்னும் கிரேக்க நகர்ப்புற இசைவகையில் அமைந்த மெதுவான பாடல். 1941-இல் இசைக்கலைஞர் நிக் ரூபானிஸ் ஜாஸ் பாணியில் அமைத்துத் தம் பெயரிலேயே வெளியிட்டார். ஜான் ஆகஸ்ட் இதைப் பியானோவில் வாசித்தார்.

இன்று பலரும் அறிந்திருப்பது கிதார் கலைஞர் டிக் டேல் 1962-இல் வெளியிட்ட வடிவம். ஒரே தந்தியில் ஒரு பாட்டை வாசிக்க முடியுமா என்று இளம் ரசிகர் ஒருவர் கேட்டதே இதற்குத் தூண்டுதல் என்பர். லெபனான் வம்சாவளியினரான டேலுக்கு, உறவினர் ஒருவர் ஊத் என்னும் நரம்புக்கருவியில் இதை ஒற்றைத் தந்தியில் வாசித்தது நினைவுக்கு வந்ததாம். அவர் தந்தையா, மாமாவா என்பதில் கூற்றுகள் வேறுபடுகின்றன. டேல் இடக்கையர், வலக்கையருக்குத் தந்தி கட்டிய கிதாரை அப்படியே திருப்பிப் பிடிப்பார். அதனால் மிகத் தடித்த தந்தி அடியில் வரும். மெட்டு தொடங்குவதும் அந்தத் தந்தியில்தான். ஏங்கி நகர்ந்த பழைய பாடலின் நீண்ட ஸ்வரம் ஒவ்வொன்றையும் அவர் மேலும் கீழுமாக இடைவிடாத மீட்டல்களாக உடைத்தார்; வேகம் பன்மடங்கு கூடியது, ஏக்கம் மட்டும் போகவில்லை. நடுவில் ட்ரம்பெட் நுழைந்து மெட்டை வாங்கிக்கொள்ளும் இடம் தனியே கேட்கத்தக்கது. சர்ஃப் இசை என்றதும் நினைவுக்கு வரும் ஈரம் சொட்டும் ரிவெர்ப் (எதிரொலிப்பு) ஒலி இப்பதிவில் ஓங்கி நிற்பதில்லை. இதன் வலிமை முழுவதும் வலுவான மீட்டலில் இருக்கிறது.

1963-இல் பீச் பாய்ஸ் குழுவினர் தங்கள் 'சர்ஃபின் யு.எஸ்.ஏ.' ஆல்பத்தில் இதைச் சேர்த்தனர். அக்குழுவின் கார்ல் வில்சனின் கிதார் டேலைப் பின்பற்றுகிறது, ஆனால் அந்த மூர்க்கம் இல்லை. கடற்கரையே இல்லாத கொலராடோவின் அஸ்ட்ரோநாட்ஸ் குழுவும் அதே ஆண்டில் இதைப் பதிவுசெய்தது. ரிவெர்ப்பைத் தாராளமாகப் பயன்படுத்தியவர்கள் இவர்கள்.

1994-இல் 'பல்ப் ஃபிக்‌ஷன்' திரைப்படத்தின் தொடக்கத்தில் டேலின் பதிவு ஒலித்து அடுத்த தலைமுறையை எட்டியது. பிளாக் ஐடு பீஸ் குழுவின் 'பம்ப் இட்' பாடல் அதே பதிவின் மேல் எழுப்பப்பட்டது. டேல் 2019-இல் காலமானார்.