யோஷிவாராவின் விலைப்பட்டியல்

விலைமகள் என்னும் சொல்லிலேயே விலை இருக்கிறது. ஆனால் அவ்விலையை நிர்ணயித்தவர் யார், அது எவர் கையைச் சென்றடைந்தது என்ற வினாவைச் சரித்திரம் எழுதியோர் பெரும்பாலும் எழுப்பியதில்லை. இன்று டோக்கியோ எனப்படும் எடோ நகரின் யோஷிவாராவை முன்வைத்து அவ்வினாவை எழுப்பிப் பார்ப்போம்.

1617ஆம் ஆண்டில் தொக்குகாவா ஆட்சி எடோவின் பரத்தையர் விடுதிகளை ஓரிடத்தில் ஒடுக்கி அவற்றுக்கு அனுமதி வழங்கியது. 1657ஆம் ஆண்டின் பெருந்தீக்குப் பின்னர் அவ்விடம் நகரின் வடபால், அசக்குசாவுக்கு அப்பால் அமைந்தது. சுற்றிலும் அகழி; போக்குவரவுக்கு ஒரே பெருவாயில். வறுமையால் நொந்த குடும்பங்களின் சிறுமிகள் முன்பணத்துக்கு ஈடாக அங்கே கொண்டுவரப்பட்டனர். ஒப்பந்தக்காலம் வழக்கமாகப் பத்து ஆண்டுகள்.

ஆரம்பகாலத்தில் 'தாயு' எனப்பட்ட முதல்தரக் கணிகையர் கவிதை, எழுத்துக்கலை, இசை, தேநீர்ச் சடங்கு ஆகியவற்றில் தேர்ந்தவர்களாக இருந்தனர். பிரபுக்களும் உயர்நிலைச் சாமுராய்களும் அவர்களை நாடினர். ஆனால் நிலமானியப் பிரபுக்கள் கடனில் மூழ்க, பணம் வணிகர் கைக்கு மாறியது. அனுமதியற்ற விடுதிகள் மலிவான போட்டியாக நகரெங்கும் முளைத்தன. 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைத் தாண்டியதும் தாயு என்ற தரமே மறைந்தது.

கலை தேய்ந்தது; செலவோ தேயவில்லை. விடுதிகளையும் பெண்களையும் தரவாரியாகக் குறிக்கும் கையேடுகள் விற்பனையாயின. ஓவியர் உத்தமாரோவின் படங்களை வெளியிட்ட த்சுத்தாயா ஜூசபுரோவே அவற்றையும் அச்சிட்டார். உச்ச தரத்தவளின் கட்டணம் 1 ரியோ 1 பு. ஒரு ரியோ என்பது ஒருவர் ஓராண்டு உண்ணும் அரிசியின் விலைக்கு ஏறத்தாழ நிகராகக் கருதப்பட்டது. அகழியோரக் குடிசைகளில் இருந்தவளுக்கோ 100 மோன் என்னும் செப்புக்காசுகள். இதற்கு மேல் தேநீர்விடுதிக்கும் விருந்துக்கும் பாடகருக்கும் ஏவலருக்கும் தனித்தனியே கொடுக்கவேண்டும். பழைய நளினம் போய்விட்டது, பணம் மாத்திரம் கரைகிறது என்ற புலம்பல் எழுந்ததில் வியப்பில்லை.

அது வாங்குவோனின் புலம்பல். பெண்ணின் கணக்கு வேறு. பண்டிகை நாள்கள் சிலவற்றில் கட்டணம் இரட்டிப்பாகும். அன்று அவள் எவ்வாறேனும் ஒரு வாடிக்கையாளனைத் தேடிக்கொள்ளவேண்டும். கிடைக்காவிடின் அன்றைய கட்டணம் அவளுடைய கடனிலேயே ஏற்றப்படும். இலாபம் கண்ட விடுதிக்காரர் அத்தகைய நாள்களைப் பெருக்கினர். அவளுடைய பட்டாடைகளும் படுக்கை விரிப்புகளும் அவளுக்குப் பணிசெய்த சிறுமிகளின் செலவும் அவள் தலையிலேயே விழுந்தன. விலை ஏறியபோது உயர்ந்தது அவளது வருவாயன்று, அவளது கடனே. வாங்கியவன் குறைகூறலாம், வேறிடம் போகலாம். அவளுக்கோ பெருவாயில் அடைக்கப்பட்டிருந்தது. 1849இல் ஒரு விடுதியின் பெண்கள் பதினாறு பேர் கொடுமை தாளாது அதற்குத் தாமே தீவைத்து, அதிகாரிகளிடம் சரணடைந்தனர். அவர்களுக்குக் கிடைத்த முறையீட்டு மனு அத்தீயே.

1872இல் சீனக் கூலிகளை ஏற்றிவந்த 'மரியா லூஸ்' என்ற பெருநாட்டுக் கப்பல் யொக்கோகாமாவில் தரித்தது. யப்பானிய நீதிமன்றம் கூலிகளை விடுவிக்க முற்பட்டபோது, உங்கள் நாட்டிலேயே பெண்கள் விற்கப்படுகிறார்களே என்று எதிர்த்தரப்பு வாதித்தது. அவ்வாண்டிலேயே விடுதலை ஆணை பிறந்தது. நீதி அமைச்சு கூறிய காரணம் விசித்திரமானது: இப்பெண்கள் மனித உரிமை இழந்து மாடு குதிரைக்கு ஒப்பாகிவிட்டனர், மாடு குதிரையிடம் கடனைத் திருப்பிக் கேட்க இயலாது. மனிதராக மதித்தல்ல, விலங்காக மதித்தே கடனைத் தள்ளினர்!

அவ்விடுதலையும் நீடிக்கவில்லை. விடுதிகள் 'வாடகை அறைகள்' என்று பெயர்மாற்றம் பெற்றன. முன்பணம் புதிய பத்திரங்களில் மீண்டது. இத்தகைய முன்பண ஒப்பந்தம் செல்லாது என யப்பானிய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1955இல். விபசாரத் தடைச் சட்டம் 1956இல் நிறைவேறி, 1958இல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. யோஷிவாராவின் அனுமதி விளக்குகள் அணைந்தன. ஆயினும் சட்டம் அத்தொழிலை அவ்வட்டாரத்திலிருந்து முற்றாக அகற்றவில்லை. அது வேறு பெயர்களில் தொடர்ந்தது.

ஆகவே எந்த நகரிலாயினும் விலை ஏறிற்று, தரம் குறைந்தது என்ற பேச்சு எழும்போது நாம் கேட்கவேண்டியது ஒன்றுண்டு. ஏறிய விலையில் அவளுக்குக் கிடைத்தது என்ன? வேண்டாமென்று சொல்லி வெளியேற அவளுக்கு வாயில் திறந்திருந்ததா? இக்கேள்விகளுக்கு விடையில்லாத விலைப்பட்டியல், எவ்வளவு அழகாக அச்சிடப்பட்டிருப்பினும், ஓர் அடிமைச் சந்தையின் கணக்கேடேயாகும்.